நுண்பொருளியலை எங்கிருந்து தொடங்குவது? மலையக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாதாரண தரம் முடித்து, உயர்தரத்தில் பொருளியலை ஒரு பாடமாகத் தெரிவு செய்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர், கம்பனி, ஒரு தனிச் சந்தை என்று தனித்தனியாகப் பார்க்கும் பகுதிதான் நுண்பொருளியல். அதைப் பார்த்ததும் வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று தோன்றும். கொஞ்ச நாளைக்கு அது ஓடும். வரைபடத்தில் வளையிகள் (வளைகோடுகள்) இடம்பெயரத் தொடங்கியதும் ஓடாது. முதலாம் பத்திரத்தின் 50 பல்தேர்வு வினாக்களில் வரைவிலக்கணத்தை அப்படியே கேட்பவை கொஞ்சம்தான். "இது மாறினால் அது என்ன ஆகும்?" என்று கேட்பவையே அதிகம்.

அதற்குத் தயாராக ஒரு வழி உண்டு. எந்தக் கருத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே தெரிவு செய்வது யார்? அவர் எதை விட்டுக்கொடுக்கிறார்? இன்னும் ஓர் அலகு கூட்டினால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன செலவாகும்? நுகர்வோர், விவசாயி, கம்பனி, அரசு என யாரைப் பற்றிய பாடமானாலும் இந்த மூன்றும் பொருந்தும். மலையகத்தில் வாழ்பவருக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. தேயிலை, மரக்கறி, கூலி, சுற்றுலா என்று பாடப்புத்தகத்தில் வரும் சந்தை வகைகளில் பாதிக்கு மேல் நம் கண்முன்னே நடக்கின்றன.

முதற்படி: அமையச் செலவு

இதை நன்றாகப் பிடிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். வளங்கள் மட்டுப்பட்டவை, தேவைகள் அப்படியல்ல. இதுதான் கிடைப்பருமை. அதனால் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது; ஒன்றைத் தெரிவு செய்தால் இன்னொன்றை விட வேண்டும். விட்டவற்றுள் மிகச் சிறந்த ஒன்றின் பெறுமதியே அமையச் செலவு.

உயர்தரம் படிக்கும் உங்களையே எடுத்துக்கொள்வோம். படிக்காமல் போயிருந்தால் கொழும்பில் ஒரு கடையில் மாதம் 40,000 ரூபாவுக்கோ பக்கத்து நகரத்து ஆடைத் தொழிற்சாலையில் 35,000 ரூபாவுக்கோ வேலை கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் படிப்பின் அமையச் செலவில் 40,000 மட்டுமே சேரும். இரண்டையும் கூட்டி 75,000 என்று எழுதுவது தவறு, ஏனெனில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கும் போயிருக்க முடியாது. புத்தகச் செலவும் டியூஷன் கட்டணமும் சேரும். சாப்பாட்டுச் செலவு சேராது. வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தான் வேண்டும்.

உற்பத்திச் சாத்திய வளையி இதே கருத்தின் படம். இருக்கும் வளங்கள் எல்லாவற்றையும் பாவித்தால் இரண்டு பண்டங்களில் ஆகக் கூடியது எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அது காட்டும். ஒரு அச்சில் தேயிலை, மற்றதில் மரக்கறி. வளையி வெளிப்பக்கம் வளைந்திருப்பதற்குக் காரணம், எல்லா நிலமும் இரண்டுக்கும் ஒரேயளவு பொருந்தாததுதான். பள்ளத்தில் இருக்கும் நல்ல மண்ணை முதலில் மரக்கறிக்கு மாற்றும்போது இழக்கும் தேயிலை கொஞ்சம். செங்குத்துச் சரிவையும் மரக்கறிக்கு மாற்றப் போனால் கிடைக்கும் கரட் கொஞ்சம், இழக்கும் கொழுந்து அதிகம். காடாகிக் கிடக்கும் தேயிலை மலையைப் பார்த்தால் அது வளையிக்கு உள்ளே இருக்கும் புள்ளி என்று நினைவில் வையுங்கள்.

இந்த மலைகளின் வரலாறே அமையச் செலவைச் சொல்லித் தரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது இங்கே கோப்பிதான் ராஜா. கோப்பி நன்றாக விளையும் நிலத்தில் தேயிலை நடுவதென்றால் பெரிய வருமானத்தை விட வேண்டும். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியதும், தேயிலை நடுவதால் விட்டுக்கொடுக்க வேண்டியது மிகவும் குறைந்துபோனது. தேயிலையின் அமையச் செலவு இறங்கியது. மலைகள் நிறம் மாறின.

இரண்டாம் படி: கேள்வியும் நிரம்பலும்

மாணவர்கள் அதிகம் புள்ளி இழப்பது இங்கேதான், அதனால் நின்று நிதானமாகப் போவோம். பொருளியலில் கேள்வி என்றால் வினா இல்லை, வாங்குபவர்கள் ஒவ்வொரு விலையிலும் வாங்கத் தயாராக இருப்பது. நிரம்பல் என்பது விற்பவர்கள் ஒவ்வொரு விலையிலும் விற்கத் தயாராக இருப்பது.

ஏனைய காரணிகள் மாறாதிருக்க, விலை குறைந்தால் கேள்வித் தொகை கூடும், விலை கூடினால் கேள்வித் தொகை குறையும். "தொகை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒரு பண்டத்தின் சொந்த விலை மாறினால் வளையி அசையாது. அதே வளையியில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிறோம், அவ்வளவுதான். வேறு ஏதாவது மாறினால்தான் முழு வளையியும் இடம்பெயரும்.

அந்த "வேறு ஏதாவது" என்னென்ன? வருமானம் முதலாவது. தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் ஹட்டன் புடவைக் கடைகளைப் பாருங்கள். புடவை விலை குறையவில்லை, ஆனாலும் கூட்டம். கையில் காசு வந்ததால் கேள்வி வளையி வலப்பக்கம் போயிருக்கிறது. (முற்பணம் பிறகு சம்பளத்தில் கழிக்கப்படும். அப்போது அதே வளையி இடப்பக்கம் வரும்.) அடுத்தது பிரதியீட்டுப் பண்டங்கள், அதாவது ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் பாவிக்கக்கூடியவை. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது விறகுக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் கேள்வி கூடியது. இணைப்புப் பண்டங்கள் இதற்கு எதிர்த்திசை. ஒன்றின் விலை ஏறினால் அதோடு சேர்த்துப் பாவிக்கும் மற்றதன் கேள்வி குறையும். விருப்பம், எதிர்கால விலை பற்றிய எதிர்பார்ப்பு, மக்கள்தொகை ஆகியவை மீதி.

நிரம்பலுக்கும் இதே ஒழுங்குதான். சொந்த விலை கூடினால் நிரம்பல் தொகை கூடும். உள்ளீட்டு விலை, தொழில்நுட்பம், காலநிலை, வரி, மானியம் மாறினால் வளையியே இடம்பெயரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்த மாதங்களில் மரக்கறியின் நிரம்பல் வளையி எந்தப் பக்கம் போயிருக்கும், விலை எந்தப் பக்கம் போயிருக்கும்? படம் வரைந்து பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் புரிந்துவிட்டது.

விடைத்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு சுழலைப் பற்றியும் சொல்ல வேண்டும்: "கேள்வி கூடியது, அதனால் விலை கூடியது, விலை கூடியதால் கேள்வி குறைந்தது, அதனால் விலை குறைந்தது." இப்படி எழுதினால் முடிவே இராது. சரியாக எழுதினால் இப்படி வரும்: கேள்வி வளையி வலப்பக்கம் இடம்பெயர்ந்தது, பழைய விலையில் பற்றாக்குறை ஏற்பட்டது, விலை உயர, நிரம்பல் தொகை கூடியது, கேள்வித் தொகையும் நிரம்பல் தொகையும் சமமாகும் புதிய சமநிலை வந்தது. அங்கே நிறுத்திவிடுங்கள். விலை உயர்வு எந்த வளையியையும் மறுபடி பின்னால் தள்ளாது.

இன்னொன்று: விலையை எப்போதும் நிலைக்குத்து அச்சில் குறியுங்கள். கணிதப் பாடத்தில் பழகிய முறைக்கு இது நேர்மாறு. அல்பிரட் மார்ஷலின் காலத்திலிருந்து பொருளியலில் இதுவே வழக்கம்.

மூன்றாம் படி: ஒரு சமன்பாட்டை வைத்து எல்லாவற்றையும் செய்து பாருங்கள்

பத்துக் கணக்கு செய்வதைவிட ஒரே கணக்கைப் பத்து விதமாகத் திருப்புவது நல்லது. ஒரு சிறு சந்தையில் ஒரு நாளைக்கான கரட் கணக்கு இது என்று வைத்துக்கொள்வோம். விலை ரூபாவில், தொகை கிலோவில்.

கேள்வித் தொகை = 600 − விலை
நிரம்பல் தொகை = 2 × விலை

இரண்டையும் சமப்படுத்தினால் 600 = 3 × விலை. விலை 200 ரூபா, தொகை 400 கிலோ. விவசாயிகளின் மொத்த வருமானம் 80,000 ரூபா.

இப்போது நல்ல மழை, நல்ல விளைச்சல். எந்த விலையிலும் முன்பைவிட 150 கிலோ அதிகமாகச் சந்தைக்கு வருகிறது. நிரம்பல் தொகை = 150 + 2 × விலை. மறுபடி சமப்படுத்துங்கள். விலை 150 ரூபா, தொகை 450 கிலோ, வருமானம் 67,500 ரூபா. கரட் அதிகமாக விளைந்தது, விவசாயிகளின் மொத்த வருமானம் 12,500 ரூபா குறைந்தது.

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்துக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. நல்ல போகத்தில் ஏன் கடன் ஏறியது என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். அதற்கான காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

நான்காம் படி: நெகிழ்ச்சி

விலை ஒரு வீதம் மாறினால் தொகை எத்தனை வீதம் மாறும் என்பதே நெகிழ்ச்சி. மேலே உள்ள சமன்பாட்டில் விலை ஒரு ரூபா கூடினால் கேள்வித் தொகை ஒரு கிலோ குறைகிறது. அதை விலை/தொகை, அதாவது 200/400 ஆல் பெருக்கினால் 0.5 (குறி மறை). ஒன்றைவிடக் குறைவு என்பதால் இது நெகிழ்ச்சியற்ற கேள்வி. விலை எவ்வளவு இறங்கினாலும் ஒரு வீட்டில் கறிக்குப் போடும் கரட் இரண்டு மடங்காகிவிடாது. ஆகவே விலை இறங்கும் வேகத்துக்கு விற்பனை ஏறாது, மொத்த வருமானம் விழும். நெகிழ்ச்சி ஒன்றைவிட அதிகமாக இருந்திருந்தால் அதே விலை இறக்கம் வருமானத்தைக் கூட்டியிருக்கும். இந்தத் தொடர்பைப் பரீட்சையில் நேராகவும் கேட்பார்கள், சுற்றி வளைத்தும் கேட்பார்கள்.

அறுவடைக் காலத்தில் உருளைக்கிழங்கு இறக்குமதிக்கான தீர்வையைக் கூட்டச் சொல்லி விவசாயிகள் ஏன் கேட்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். சந்தைக்குள் கூடுதலாக வரும் சில லொறிகள் விலையைப் பெரிதாக இறக்கிவிடும். அதே தீர்வையால் கொழும்பிலும் தோட்டத்து லயத்திலும் உருளைக்கிழங்கு வாங்கும் குடும்பம் கூடுதலாகக் கொடுக்கிறது. இரு பக்கத்தையும் எழுதினால்தான் விடை முழுமையாகும்.

நிரம்பலின் நெகிழ்ச்சியில் காலம்தான் முக்கியம். கரட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் விளையும். இன்று விலை ஏறினால் அடுத்த போகத்தில் அதிகம் போடலாம். தேயிலைச் செடி நட்டால் கொழுந்து பறிக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே குறுங்காலத்தில் தேயிலையின் நிரம்பல் இறுக்கமானது. அதைவிட இறுக்கமானது ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவின் விடுதி அறைகள். கூட்டம் வந்ததென்று ஒரு வாரத்தில் புது அறை கட்ட முடியாது. கேள்வி வளையி வலப்பக்கம் போகும்போது நிரம்பல் வளையி கிட்டத்தட்ட நிலைக்குத்தாக நிற்கிறது. மாற்றம் முழுவதும் வாடகையில் போய் விழுகிறது.

ஐந்தாம் படி: அரசு தலையிட்டால்

அதே கரட் சமன்பாட்டுக்குத் திரும்புங்கள். அரசு 150 ரூபாவை உச்ச விலையாக (அதற்கு மேல் விற்கக் கூடாது என்று) அறிவித்தால் கேள்வித் தொகை 450, நிரம்பல் தொகை 300. பற்றாக்குறை 150 கிலோ. உச்ச விலை சமநிலை விலைக்குக் கீழே இருந்தால்தான் அது வேலை செய்யும். 250 ரூபா என்று அறிவித்தால் ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

2021இல் பால்மாவுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலகச் சந்தையில் விலை ஏறியது, உள்ளூரில் கட்டுப்பாட்டு விலை அப்படியே நின்றது. இறக்குமதி குறைந்து கடைகளில் பால்மா காணாமல் போனது. அக்டோபரில் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது 400 கிராம் பக்கெட் 100 ரூபா ஏறி 480 ரூபாவானது. கட்டுப்பாடு இருந்த நாட்களில் பழைய விலையில் வாங்கக் கிடைத்தவருக்கு இலாபம். கிடைக்காதவருக்கு அந்த விலையால் பயனில்லை. கடைக்காரரைத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், தூரத்துத் தோட்டத்திலிருந்து வருபவருக்குக் கிடைக்காது. விலை பங்கிடாதபோது வரிசையும் தெரிந்த முகமும் பங்கிடும்.

இனி வரி. ஒரு கிலோவுக்கு 30 ரூபா விற்பவர் கட்ட வேண்டும் என்றால், நிரம்பல் தொகை = 2 × (விலை − 30). சமப்படுத்தினால் விலை 220 ரூபா, தொகை 380 கிலோ. வாங்குபவர் 20 ரூபா கூடுதலாகக் கொடுக்கிறார். விற்பவர் கையில் மிஞ்சுவது 190 ரூபா, அதாவது 10 ரூபா குறைவு. வரியை விற்பவரிடம் கேட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு வாங்குபவர் தலையில் விழுந்தது. சமநிலையில் கேள்வி நெகிழ்ச்சி 0.5, நிரம்பல் நெகிழ்ச்சி 1. நெகிழ்ச்சி குறைந்த பக்கமே அதிகம் சுமக்கும். அரசுக்கு வருவது 30 × 380 = 11,400 ரூபா.

ஆறாம் படி: உற்பத்தியும் செலவும்

ஒரு மரக்கறித் தோட்டத்தில் நிலத்தின் அளவு மாறாது, ஆட்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஒருவர் 40 கிலோ, இருவர் 100, மூவர் 150, நால்வர் 180, ஐவர் 190 என்று வைத்துக்கொள்வோம். எல்லை விளைவு, அதாவது ஒவ்வொரு புதிய ஆளாலும் கூடும் விளைச்சல், 40, 60, 50, 30, 10. முதலில் ஏறி, பிறகு இறங்குகிறது. இதுவே குறைந்து செல்லும் எல்லை விளைவு விதி. ஆட்கள் சோம்பேறி ஆனதால் இப்படி நடப்பதில்லை. அதே நிலத்தையும் அதே மண்வெட்டியையும் அதிகம் பேர் பங்கிடுவதால் நடக்கிறது.

தோட்டத்து வாசலில் கிலோ 60 ரூபா, நாட்கூலி 2,000 ரூபா என்றால் எத்தனை பேரை வைப்பது? மூன்றாமவர் கூட்டுவது 50 × 60 = 3,000. நான்காமவர் கூட்டுவது 1,800. மூவரோடு நிறுத்த வேண்டும். மொத்தத்தைப் பார்க்காமல் அடுத்த ஓர் அலகைப் பார்க்கச் சொன்னேனே, அதன் பயன் இதுதான்.

நிலையான செலவு, மாறும் செலவு, சராசரி, எல்லை என்று வரும் வளையிகளை ஓர் அட்டவணை போட்டுக் கீறிப் பழகுங்கள். எல்லைச் செலவு (இன்னும் ஓர் அலகுக்கு ஆகும் கூடுதல் செலவு) வளையி சராசரி வளையியின் ஆகக் குறைந்த புள்ளியில் அதை வெட்ட வேண்டும். அதைவிட விளக்கம் தேவைப்படுவது மூடும் நிலை, அதாவது விற்பதைவிட நிறுத்திவிடுவதே மேல் என்ற நிலை. கோவா பயிரிடக் கிலோவுக்கு 60 ரூபா ஏற்கெனவே செலவாகிவிட்டது. வெட்ட, மூடையில் போட, தம்புள்ளைக்கோ கெப்பெட்டிப்பொலைக்கோ லொறியில் அனுப்ப இன்னும் 25 ரூபா வேண்டும். சந்தை விலை 40 என்றால் விற்பதா? 85 ரூபா செலவுக்கு 40 ரூபா என்று பார்த்தால் நஷ்டம்தான், ஆனாலும் விற்க வேண்டும். 60 ரூபா போனது போனதுதான். விற்றால் 15 ரூபாவாவது மீளும். விலை 20 ஆனால் வயலிலேயே விட்டுவிடுவது மேல். கோவாவை அப்படியே விட்டுவிடும் விவசாயியைப் பார்த்து "விவரம் தெரியாதவர்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் செய்வது பாடப்புத்தகம் சொல்வதைத்தான்.

ஏழாம் படி: சந்தை அமைப்புகள், குறிப்பாகக் கூலி

நிறை போட்டி, தனியுரிமை, தனியுரிமைப் போட்டி, சிலருரிமை ஆகிய நான்கின் இயல்புகளையும் ஓர் அட்டவணையில் எழுதி வைத்தால் போதும். கரட் விற்கும் விவசாயி விலையை ஏற்பவர். சமையல் எரிவாயுவில் லிட்ரோ, லாஃப்ஸ் என இரண்டு பெயர்தான், அது சிலருரிமை.

பாடப்புத்தகங்கள் ஓரமாக வைக்கும் ஒன்றை நாம் நடுவில் வைக்க வேண்டும்: வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தை. இங்கே வாங்கப்படுவது உழைப்பு. ஒரு தோட்டம், ஒரு கம்பனி, வேலையோடு கட்டப்பட்ட லயன் காம்பரா. வேலையை விட்டால் வீடும் போகும் என்ற நிலையில் தொழிலாளி வேறு இடம் தேட முடியாது. அப்போது கம்பனிதான் கூலியைத் தீர்மானிக்கும்.

எண்ணில் பார்ப்போம். 1,000 ரூபாவுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். பதினொன்றாவது ஆள் வர 1,050 கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் அதே கூலி. மொத்தச் செலவு 10,000இலிருந்து 11,550 ஆகிறது. அந்த ஓர் ஆளுக்கான எல்லைச் செலவு 1,050 இல்லை, 1,550. அதனால் கம்பனி அவரை எடுக்கத் தயங்கும். ஆளும் குறைவு, கூலியும் குறைவு. இங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 1,050 என்று வைத்தால், பதினொன்றாவது ஆளின் எல்லைச் செலவும் 1,050தான். கூலியும் கூடும், வேலையும் கூடலாம். "குறைந்தபட்சக் கூலி வேலையின்மையைத் தரும்" என்ற ஒற்றை வரி போட்டிச் சந்தைக்கு மட்டுமே பொருந்தும்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டபோது இந்த விவாதமே நடந்தது. தேயிலை விலை கொழும்பு ஏலத்தில் உலகக் கேள்விக்கு ஏற்பத் தீர்மானமாகிறது, கூடிய செலவை வாங்குபவர் மேல் போட முடியாது என்பது கம்பனிகளின் வாதம். கூலி ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த எல்லை எங்கே என்பது, தொழிலாளிக்கு வேறு வழி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பேன். இளையவர்கள் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகப் போக, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் போட்டி கூடுகிறது. உழைப்புக்கான கேள்வி தேயிலைக்கான கேள்வியிலிருந்து பிறப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; அது பெறப்பட்ட கேள்வி.

எட்டாம் படி: சந்தை தவறும் இடம்

செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கு போட்டால் மழையோடு மண் போகும். உமா ஓயா வழியாக வெலிமடைப் பக்கத்து மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. அந்த இழப்பு உருளைக்கிழங்கின் விலையில் இல்லை, விவசாயியின் கணக்கிலும் இல்லை. கீழே நீரையும் மின்சாரத்தையும் நம்பியிருப்பவர்கள் சுமக்கிறார்கள். இது எதிர்மறைப் புறவிளைவு. சமூகச் செலவு தனியார் செலவைவிட அதிகம், ஆகவே சமூகத்துக்கு உகந்த அளவைவிட அதிகம் உற்பத்தியாகிறது. படத்தில் இரண்டு செலவு வளையிகளையும் கீறி இடைவெளியைக் குறியுங்கள். தீர்வாக வரி என்று மட்டும் எழுதாமல், மண் அணை கட்டுவதற்கான மானியத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது

ஒரு கொப்பி எடுத்து, சந்தை நாளில் கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகிய நான்கின் விலையை எழுதுங்கள். பக்கத்தில் மழை, பண்டிகை, டீசல் விலை, இறக்குமதிச் செய்தி என அந்த வாரம் மாறியதைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் ஒரு சிறு படம்: எந்த வளையி, எந்தப் பக்கம், ஏன். விலையும் தொகையும் ஒரே திசையில் போனால் கேள்வி அசைந்திருக்க வாய்ப்பு அதிகம். எதிர்த்திசையில் போனால் நிரம்பல். தொகையை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். மரக்கறிக் கடைக்காரரிடம் "இன்று எத்தனை மூடை இறக்கினீர்கள் அண்ணா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். முதல் தவணை முடிவதற்குள் கொப்பியில் பதினைந்து இருபது படம் சேர்ந்துவிடும். கடந்தகால வினாத்தாள்களை அதற்குப் பிறகு எடுங்கள். எடுத்ததும் விடையைப் பார்க்காமல் முதலில் படத்தை வரையுங்கள்.